மறைநிலைச் சாளரமும் பெற்றோரும்

(நம் சங்க ஆண்டு விழாவை ஒட்டிய குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, குறளையோ கம்பனையோ நாம் எடுத்துக்கொள்வோம் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அவற்றை நம்மினும் நன்கு கற்றோர் இங்கே பலர் உளர். நாம் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தோம் அல்லோம். சரக்குப் பிரிவில் ஏடெழுதிக் காலம் தள்ளுகிறோம். ஆயினும், எந்த ஏட்டில் எது எழுதப்படுகிறது, எந்தத் தாளைக் கிழித்தால் எந்தத் தாள் மிஞ்சும் என்று அறிவது எழுத்தர் தொழிலின் உயிர்நாடி அல்லவா? இன்று நாம் பேசப்போவதும் ஏடுகளைப் பற்றியதே. ஆகவே துணிந்து நிற்கின்றோம்.

சென்ற சில மாதங்களாக நம் காலனியில் தந்தையர் பலர் நம்மிடம் வந்து கேட்ட கேள்வி ஒன்றே. “பையன் மணிக்கணக்காகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எதைப் பார்த்தான் என்று அறியத் திறந்தால் வரலாறு என்னும் பக்கம் துடைத்துவைத்த பலகை போல் இருக்கிறது. இது என்ன மாயம், ஐயா?” மாயம் ஒன்றுமில்லை. மறைநிலை என்றும், ஆங்கிலத்தில் இன்காக்னிடோ என்றும் வழங்கும் ஒரு வசதி அது. கைபேசி வாங்கும்போதே அதற்குள் வந்துவிடுகிறது. கள்ளச் சாவியும் அன்று, சட்ட விரோதமும் அன்று. அது எதை மறைக்கிறது, எதை மறைப்பதில்லை என்பதை நம்மில் பலர் தலைகீழாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளும் அவ்வாறே எண்ணுகிறார்கள் என்பதுதான் நமக்குக் கவலை தருகிறது.

முதலில் அதன் இயக்கத்தைக் காண்போம். இணையத்தில் உள்ள பக்கங்களைத் திறந்து காட்டும் செயலிக்கு உலாவி என்று பெயர். குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் என்பன அவற்றுட் சில. உலாவி தன் போக்கில் நான்கு வகை ஏடுகளை வைத்துக்கொள்கிறது. எந்தப் பக்கத்தை எத்தனை மணிக்குத் திறந்தோம் என்பது ஒன்று, இதுவே வரலாறு. மறுமுறை விரைவாகத் திறக்கும் பொருட்டுச் சேமித்துவைக்கும் படங்களும் பக்கத் துண்டுகளும் மற்றொன்று. நாம் தட்டச்சு செய்த பெயர், முகவரி முதலியன மூன்றாவது. நான்காவது குக்கீ. பெயர் தின்பண்டம் போலிருந்தாலும் அது ஓர் அடையாளச் சீட்டு. கோவில் வாயிலில் செருப்பு விடும் இடத்தில் டோக்கன் தருகிறார்கள் அல்லவா? அதுபோல ஒரு தளம் நம் கருவியிடம் ஒரு டோக்கனைக் கொடுத்து வைக்கிறது. அடுத்த முறை சென்றதும் டோக்கனைப் பார்த்து, முன்பு வந்தவர் இவரே என்று அறிந்துகொள்கிறது.

மறைநிலைச் சாளரத்தைத் திறந்தால், உலாவி தன் நிலையான ஏடுகளைத் தொடாமல் ஒரு தற்காலிகக் குறிப்பேட்டைக் கையில் எடுக்கிறது. அந்தச் சாளரம் திறந்திருக்கும் வரையில் குக்கீயும் மற்றவையும் அதில் இருக்கும். மறைநிலைச் சாளரங்கள் அனைத்தையும் மூடியதும் குறிப்பேட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறது. அவ்வளவே. 2005-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரியில் இவ்வசதி முதலில் வந்தது. 2008-இல் கூகுளின் குரோமில் வந்தது. 2009-க்குள் மற்றப் பெரிய உலாவிகளும் இதைச் சேர்த்துக்கொண்டன. குரோமில் இதைத் திறந்தால் திரை கறுத்து, தொப்பியும் மூக்குக் கண்ணாடியும் மட்டும் கொண்ட ஓர் உருவம் தோன்றும். பழைய துப்பறியும் நாவல்களின் அட்டைப்படம் போன்ற அந்த உருவத்தைக் கண்டுதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்களோ என்று நமக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு. யாரும் அறியாமல் எங்கும் சென்று வரலாம் என்று அது சொல்லாமல் சொல்கிறது. அதன் கீழே அச்சிட்டுள்ள எச்சரிக்கையைப் படிப்பார் இலர்.

கருவிக்குள்ளேயே சில தடயங்கள் எஞ்சுவதும் உண்டு. மறைநிலையில் பதிவிறக்கம் செய்த கோப்பு கைபேசியில் கிடக்கும். குறித்துவைத்த பக்கமும் நிலைத்து நிற்கும். சாளரத்தை மூடாமல் கைபேசியைக் கீழே வைத்துவிட்டால் அடுத்து எடுப்பவர் கண்ணில் எல்லாம் படும்.

இனிக் கருவிக்கு வெளியே வருவோம். முக்கியமான செய்தி இங்கேதான் இருக்கிறது. ஒருவர் முன்பதிவு செய்து ஹௌராவிலிருந்து சென்னைக்குப் பயணம் செய்கிறார். இறங்கியதும் தம் சீட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போடுகிறார். வீட்டார் அவருடைய சட்டைப் பையைத் துழாவினால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் அவர் பயணம் செய்யவில்லை என்று ஆகிவிடுமா? முன்பதிவுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. பரிசோதகர் அவர் பெயருக்கு நேரே குறியிட்டிருக்கிறார். மறைநிலைச் சாளரம் கிழிப்பது பயணியின் கையிலுள்ள சீட்டை மட்டுமே. பட்டியலைத் தொட அதற்கு அதிகாரம் கிடையாது.

அந்தப் பட்டியல் யார் யாரிடம் உள்ளது? முதலாவது, நாம் சென்று பார்த்த தளத்தை நடத்துவோரிடம். ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் முகவரி உண்டு. பக்கத்தைக் கேட்டு வாங்கும்போதே அந்த முகவரியைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இரண்டாவது, நமக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திடம். இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். இன்று பெரும்பாலான தளங்கள் செய்தியை மறையாக்கம் செய்தே அனுப்புகின்றன. சீல் வைத்த வாகன் நம் யார்டு வழியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து எங்கே போகிறது என்பது வாகன்மேல் உள்ள சீட்டில் தெரியும். உள்ளே இருப்பது இன்னதென்று வழியில் இருக்கும் நிலையத்தார் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. அதுபோல, இணைப்புத் தருபவர் எந்தத் தளத்துக்குப் போனோம் என்பதைப் பெரும்பாலும் காணக்கூடும். அத்தளத்தில் எந்தப் பக்கத்தைப் படித்தோம் என்பதைக் காண்பதில்லை. நம் நாட்டில் இணைப்பு நிறுவனங்கள் இத்தகைய தொடர்புக் குறிப்புகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உரிம விதியைத் திருத்தியிருக்கிறது. பையனின் கைபேசியில் நொடியில் மறைந்தது அங்கே 2 ஆண்டுகள் கிடக்கிறது.

மூன்றாவது, பள்ளியிலோ அலுவலகத்திலோ உள்ள இணைப்பைப் பயன்படுத்தினால் அதை நடத்துவோரிடம். நிலையங்களில் ரெயில்டெல் தரும் வைஃபையை நம் பிள்ளைகள் மாலையில் நடைமேடைப் பெஞ்சில் அமர்ந்து பயன்படுத்துவதை நாம் காண்கிறோம். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் அது இருக்கிறது. கைபேசி எண்ணைக் கொடுத்து, வரும் ரகசிய எண்ணைப் பதிந்தால்தான் வாயில் திறக்கும். தன் எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்த பிறகு தொப்பியும் கண்ணாடியும் அணிந்து என்ன பயன்?

நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மறைநிலைச் சாளரத்தில் இருந்துகொண்டே ஒருவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துத் தம் கணக்கில் நுழைந்துவிட்டால், அந்தக் கணக்கின் ஏட்டில் எல்லாம் எழுதப்படும். 2018-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தாரும் ஜெர்மனியின் ஹனோவர் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகத்தாரும் 460 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். உலாவிகள் தரும் விளக்கத்தைப் படித்த பிறகும் அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், கூகுள் கணக்கில் நுழைந்து தேடினாலும் மறைநிலையில் தேடியவை சேமிக்கப்படமாட்டா என்றே நம்பினார்களாம். மேல்நாட்டுப் படித்தவர்கள் நிலையே இவ்வாறு என்றால், ஒன்பதாம் வகுப்பு மாணவனைக் குறை சொல்வானேன்?

இதே பொருள் பற்றி அமெரிக்காவில் ஒரு வழக்கும் நடந்தது. மறைநிலையில் இருக்கும்போதும் தங்கள் நடமாட்டத்தைக் கூகுள் சேகரித்தது என்று 2020-இல் சிலர் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். 2024 ஏப்ரலில் நீதிமன்றத்தில் அளிக்கப்பட்ட சமரசத்தின்படி கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. மறைநிலையைத் திறந்ததும் தோன்றும் எச்சரிக்கையும் அவ்வாண்டுத் தொடக்கத்தில் திருத்தப்பட்டது. இக்கருவியைப் பயன்படுத்தும் பிறர் உங்கள் செயலைக் காணமாட்டார்கள். ஆனால் தளங்களும் கூகுளும் தகவல் திரட்டும் முறை இதனால் மாறாது என்னும் பொருள்பட இப்போது அதில் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் ஒருமுறை திறந்து படித்துப் பாருங்கள்.

இடையே ஒரு சிறு செய்தி. மறைநிலையில் பார்த்தால் ரயில் கட்டணம் குறையும் என்று நம் அலுவலகத்து இளைஞர் ஒருவர் எல்லாருக்கும் சொல்லி வருகிறார். ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் 2016 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள மாறும் கட்டணம், விற்ற இடங்களின் அளவைப் பொறுத்து ஏறுகிறது. தொப்பியைக் கண்டு அது ஒரு காசும் இறங்காது. ரயில்வேக்காரர் வாயிலிருந்தே இது வருவதுதான் வேடிக்கை.

நிற்க. இவ்வளவும் கேட்டபின், இது ஒரு தீய வசதி, ஒழிக்க வேண்டியது என்று சிலர் எண்ணலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. இணைய மையத்தில் அமர்ந்து தேர்வு முடிவு பார்க்கும் மாணவி மறைநிலையில் பார்ப்பதே நல்லது. எழுந்து போனபின் அவள் கணக்கு அடுத்தவர் கையில் சிக்காது. நண்பருடைய கைபேசியில் நம் மின்னஞ்சலைத் திறக்க நேர்ந்தாலும் அவ்வாறே. ஒரே கைபேசியைத் தாயும் மக்களும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வீடுகள் நம் காலனியில் பல. அங்கே ஒருவர் தேடியதன் எச்சம் மற்றவர் திரையில் வந்து நிற்காமல் இருக்கவும் இது உதவும். அன்றியும், பிள்ளைகளுக்குச் சில வயதில் சில கேள்விகள் எழுகின்றன. பன்னிரண்டு வயதுப் பெண் தன் உடலில் தோன்றும் மாற்றத்தைப் பற்றித் தாயிடம் கேட்க நாணி இணையத்தில் தேடுகிறாள். முகத்தில் பரு வந்த பையனும், பேச்சுத் திக்கும் பையனும் தேடுகிறார்கள். புவியியல் புத்தகத்துக்குள் கதைப்புத்தகத்தை வைத்துப் படித்த தலைமுறைதானே நம் தலைமுறையும்? மறைத்தது எல்லாம் குற்றம் என்று கொண்டால் அன்று வகுப்பில் ஒருவரும் தேறியிருக்க முடியாது.

ஆகவே வரலாற்றுப் பக்கம் வெறுமையாக இருப்பது குற்றத்துக்குச் சான்று ஆகாது. நிறைந்திருப்பதும் நன்னடத்தைச் சான்றிதழ் ஆகாது. வேண்டாதவற்றை மட்டும் ஒவ்வொன்றாக அழிக்கவும் வழியுண்டு. மேலும், உலாவியே இல்லாமல் வேறு செயலிகள் வழியாகத்தான் இன்று பெரும்பாலான தீங்குகள் வீட்டுக்குள் வருகின்றன. நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் இது விளங்கும். அக்குடும்பத்தார் இப்போது நம் ஊரில் இல்லை. அவர்கள் இசைவு பெற்றே சொல்கிறோம்.

பதினாறு வயதுப் பையன், நன்றாகப் படிப்பவன். பெண் பெயரில் ஒருவன் சமூக வலைச் செயலி ஒன்றில் அவனோடு நட்புக் கொண்டு, இரண்டு வாரம் இனிக்கப் பேசி, வெளியே சொல்லக் கூசும் படம் ஒன்றை அவனிடமிருந்து வாங்கிவிட்டான். வாங்கியதும் குரல் மாறிற்று. பணம் அனுப்பு, இல்லையேல் உன் பள்ளித் தோழர், உன் தமக்கை, உன் தந்தையின் அலுவலகத்தார் அனைவருக்கும் இப்படம் போகும் என்றான். பையன் தாயின் கைபேசியிலிருந்து முதலில் 2,000 ரூபாயும் பிறகு 5,000 ரூபாயும் யுபிஐ மூலம் அனுப்பினான். கேட்பவன் வாய் மூடவில்லை. இதிலிருந்து மீள வழி உண்டா என்று அப்பிள்ளை நள்ளிரவில் மறைநிலைச் சாளரத்தில் தேடிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க எழுந்த தந்தை கறுத்த திரையையும் தொப்பி உருவத்தையும் கண்டார். அதற்குமேல் அவர் ஒன்றையும் கேட்கவில்லை. இரண்டு அறை கொடுத்துக் கைபேசியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மூன்று நாள். பீரோவுக்குள் கைபேசிக்கு மிரட்டல் வந்து கொண்டேயிருந்தது. வெளியே பையன் அதைப் பார்க்கவும் முடியாமல், சொல்லவும் முடியாமல், உணவைத் தொடாமல் இருந்தான். ஆபாசம் பார்த்துக் கெட்டுப்போனான் என்பது வீட்டின் தீர்ப்பு. அவனோ, தன்னைக் காப்பாற்றும் வழி ஏதேனும் உண்டா என்றே அத்திரையில் தேடிக்கொண்டிருந்தான். விடுமுறைக்குத் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அத்தை நான்காம் நாள் அவனை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், “முதலில் இந்த இரண்டு இட்டிலியைச் சாப்பிடு, பிறகு சொல்வதானால் சொல், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை” என்றாராம். இட்டிலி முடியுமுன் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அந்த அம்மையார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கைபேசியில் பேசவும் படம் பார்க்கவும் மட்டுமே அறிந்தவர். அவர் தம் தம்பியிடம் போய்ச் சொன்னது: “பிள்ளையைப் பிறகு திட்டிக்கொள்ளலாம், இப்போது பீரோவைத் திற.”

அதன்பின் நடந்தது சரியான முறையில் நடந்தது. அதை ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். மேற்கொண்டு ஒரு ரூபாயும் அனுப்பவில்லை; அனுப்பியவர்க்கெல்லாம் மறுபடியும் கேள்வி வருவதே வழக்கம். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வைத்தார்கள், அவையே சான்று. 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தார்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால், அது வேறு கணக்குகளுக்குத் தாவுமுன் வங்கியில் நிறுத்திவைக்க இடமுண்டு. இவர்களுக்கு நான்கு நாள் கழிந்துவிட்டமையால் முதல் தொகை போனது போனதே. இரண்டாவதில் ஒரு பகுதி மட்டும் தப்பியது. மத்திய உள்துறை அமைச்சகம் நடத்தும் இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்தார்கள். சிறுவர் பற்றிய இத்தகைய புகார்களைப் பெயர் சொல்லாமலே அங்கே பதியலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அதைப் பிள்ளையே நேரில் அழைக்கலாம்.

இன்னும் ஒன்று. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் படம் பரவாமல் தடுக்க, அமெரிக்காவில் காணாமற்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் என்னும் அமைப்பு 2023 பிப்ரவரி முதல் ‘டேக் இட் டௌன்’ என்னும் இலவசச் சேவையை நடத்துகிறது. எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நம் கருவியிலேயே படத்திலிருந்து ஒரு கைரேகை போன்ற எண் கணக்கிடப்படுகிறது. அந்த எண் மட்டுமே போகிறது. அத்திட்டத்தில் சேர்ந்துள்ள சமூகத் தளங்கள் அந்த ரேகை பொருந்தும் படத்தைக் கண்டால் நீக்குகின்றன. படம் பரவிவிட்டால் வாழ்வே முடிந்தது என்று ஏங்கும் பிள்ளைக்கு, இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஒருவர் சொன்னாலே பாதி உயிர் திரும்பிவிடும்.

இந்நிகழ்ச்சியில் மறைநிலைச் சாளரம் யார் கண்ணை மூடியது என்று எண்ணிப் பாருங்கள். மிரட்டியவன் கண்ணை மூடவில்லை. செயலியின் கண்ணையும் இணைப்பு நிறுவனத்தின் கண்ணையும் மூடவில்லை. உலகத்தில் அப்பையனுக்காகத் தம் உயிரையும் கொடுக்கக்கூடிய இருவரின் கண்ணை மட்டும் அது மூடியிருந்தது.

இளைஞர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. மறைநிலையில் பார்த்தால் சட்டத்துக்குத் தெரியாது என்று உங்களுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. சிறுவர் சிறுமியரை ஆபாசமாகக் காட்டும் பொருளைத் தேடுவதும் பார்ப்பதும் பதிவிறக்குவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவின்படி குற்றம். முதல் முறையே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சென்னையில் இத்தகைய ஒரு வழக்கை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. நண்பர் குழுவில் ஒருவன் விளையாட்டாக அனுப்பினாலும், அதைப் பிறருக்கு அனுப்பாமல், உடனே வீட்டில் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனிப் பெற்றோர் செய்யத்தக்க சிலவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். சிறு பிள்ளைகளுக்கு வேலி வேண்டும். இதில் இரண்டு கருத்து இல்லை. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் கணக்குத் தொடங்கிக் கொடுத்தால், அக்கணக்கில் குரோமின் மறைநிலை திறக்கவே திறக்காது. ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்னும் பகுதியில் வயதுவந்தோர் தளங்களைக் கட்டுப்படுத்தும் தெரிவை இட்டால், சஃபாரியில் மறைநிலைப் பொத்தான் செயலற்றுப் போகும். வீட்டு வைஃபைக்கு வேறொரு வழியும் உண்டு. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைச் சொல்லும் விசாரணைக் கூடம் போன்ற ஓர் அமைப்பு இணையத்தில் இருக்கிறது. அதற்கு டிஎன்எஸ் என்று பெயர். கிளௌட்ஃபிளேர் என்னும் நிறுவனம் 2020-இல் குடும்பங்களுக்கென்று தொடங்கிய இலவச விசாரணைக் கூடத்தின் எண் 1.1.1.3, துணை எண் 1.0.0.3. இவற்றை ரூட்டரில் பதித்துவிட்டால், ஆபாசத் தளம் என்று தான் அறிந்தவற்றின் பெயரைக் கேட்டால் அக்கூடம் வழி சொல்ல மறுத்துவிடும். மறைநிலையில் கேட்டாலும் அப்படியே. ஏனெனில் இக்காவல் கைபேசிக்கு வெளியே நிற்கிறது.

ஆனால் வேலியின் உயரத்தை நம்பித் தூங்கிவிடாதீர்கள். வைஃபையை அணைத்துச் சிம் கார்டின் இணைப்புக்கு மாறினால் ரூட்டரின் காவல் பயனற்றுப் போகும். வேறோர் உலாவியை நிறுவலாம், விபிஎன் போட்டுக்கொள்ளலாம், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நண்பனின் கைபேசியை வாங்கலாம். பதினைந்து வயதுப் பையன் இவற்றை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்வான். அந்த வயதுக்கு மேல் பூட்டு பாதி வேலைதான் செய்யும்.

சிலர், பிள்ளை அறியாமல் அவன் கைபேசியில் உளவுச் செயலி நிறுவுவதுண்டு. நமக்கு இது கொஞ்சமும் உடன்பாடு அன்று. பிள்ளையின் கடிதமும் படமும் இருப்பிடமும் முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே யார் பார்க்கிறார் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளை ஒரு நாள் அதைக் கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு அவன் எதையுமே நம்மிடம் சொல்லமாட்டான். கண்காணிப்பு வேண்டுமாயின், இன்னின்ன கட்டுப்பாடு இட்டிருக்கிறோம் என்று அவனிடமே சொல்லி இடுங்கள்.

நம்மைப் போல் ஊர்விட்டு வந்தவர்களுக்கு ஒரு தனி இடர் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். இக்காலத்து நாணமும் அச்சமும் அவர்களுக்கு ஆங்கிலத்திலேயே பழகியிருக்கின்றன. தமிழில் அவற்றைச் சொல்ல அவர்களுக்குச் சொல் கிடைப்பதில்லை. தாய்க்கோ அந்த ஆங்கிலம் பிடிபடுவதில்லை. தமிழ்நாட்டில் என்றால் மாமா, சித்தி, அத்தை என்று அடுத்த தெருவில் நான்கு பேர் இருப்பார்கள். அப்பாவிடம் சொல்ல முடியாததை அவர்களிடம் சொல்லலாம். இங்கே அந்த இடத்தில் யார் இருக்கிறார்? அந்தப் பையனுக்கு அத்தை விடுமுறைக்கு வந்திருந்தது நல்லூழ். வராமற்போயிருந்தால்? ஆகவே ஒவ்வொரு வீட்டிலும், “எங்களிடம் சொல்லத் தயங்கினால் இன்னாரிடம் சொல்” என்று ஒருவர் பெயரைப் பிள்ளையிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அவரிடமும் சொல்லிவையுங்கள். சங்கத்து மாதர் பிரிவினர் சிலர் இதற்கு இசைந்திருக்கிறார்கள் என்று அறிந்து மகிழ்கிறோம்.

பிள்ளை வந்து சொல்லும்போது முதல் ஐந்து நிமிடம் நம் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதில்தான் இருக்கிறது, அடுத்த முறை அவன் வருவானா மாட்டானா என்பது. கைபேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்னும் பயமே பல பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. “என்ன நடந்திருந்தாலும் வந்து சொல், அதற்காகக் கைபேசியைப் பறிக்கமாட்டோம்” என்று ஒருமுறை சொல்லுங்கள். சொன்ன பிறகு பறிக்காதீர்கள்.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குச் சங்க நூலகத்தில், மேலே கூறிய அமைப்புகளைக் கைபேசியிலும் ரூட்டரிலும் செய்துகாட்ட நம் உறுப்பினர் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து அங்கேயே விட்டுப் போகாதீர்கள். சென்ற முறை மூன்று தாள்கள் நாற்காலிக்கடியில் கிடந்தன. பிள்ளைகளையும் உடன் அழைத்து வாருங்கள். பொத்தான் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாவிட்டால் அவர்கள் காட்டுவார்கள். 1930, 1098 ஆகிய இரண்டு எண்களும் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டுள்ளன. இப்போது போகும்போதே குறித்துக்கொண்டு போகலாம்.